ஆகாயத்துக்கு டெண்டர்

14 ஜூலை 1989, வெள்ளி

மார்சிலிங்கில் காலையிலிருந்து மழை. ஆலைக்கு அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது. சர்க்யூட் போர்டு கழுவ நாங்கள் டிரம் டிரம்மாக வாங்குகிற சால்வென்ட் ஆவியாகி மேலே போய் ஓசோனை அரிக்கிறதாம். இனி நாட்டுக்குள் இவ்வளவுதான் வரலாம் என்று உச்ச அளவு வைத்து, அதை ஆலைகளுக்குக் கோட்டாவாகப் பிரிக்கப்போகிறார்கள். பாதி, 1986இல் யார் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அந்தக் கணக்குப்படி. மீதிப் பாதி டெண்டரில். கோட்டாவை ஒருவர் இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம்.

மேனேஜர் சுப்பிரமணியம் கூட்டம் போட்டு விளக்கினார். "ஓசோன் நம்ம பிள்ளைங்க சொத்து" என்றார், குரல் தழுதழுக்க. தொட்டி மூடியைத் திறந்து மூட நேரம் வீணாகிறது என்று போன மாதம் என்னிடம் கத்தியது இதே வாய்தான்.

17 ஜூலை

கழுவும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர் ஆனது 1986 ஜனவரியில். வந்ததும் தொட்டிகளுக்குத் தகர மூடி செய்யச் சொன்னேன். அழுக்கான சால்வென்ட்டைக் காய்ச்சி வடித்து மறுபடியும் பயன்படுத்தினோம். மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இன்று பாராட்டு வந்தது.

"மூடி போட்டது நீங்கதானே, அல்போன்சா? அந்த வருஷம் அள்ளி ஊத்தியிருந்தா இப்ப கோட்டாவும் அள்ளிக் கொடுத்திருப்பாங்க லா."

சுப்பிரமணியம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் கூடவே சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. எதற்குச் சிரிச்சே, அல்போன்சம்மா?

19 ஜூலை

கோட்டா கூட வர 1986 கணக்கைக் கூட்டி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். அந்தக் கணக்கில் இருக்கிற கையெழுத்து என்னுடையது.

4 செப்டம்பர்

கோட்டா வந்துவிட்டது. எங்களுக்கு ஒன்றரைக் கழுவும் லைனுக்குத்தான் போதும், இருப்பது இரண்டு.

பக்கத்து ஆலையில் டேப் ரெக்கார்டர் பாகங்கள் செய்கிறார்கள். அங்கே ஸ்டோரைப் பார்க்கும் நூர்தீனைக் காப்பிக்கடையில் பார்த்தேன். அவர்களுக்கு எங்களைவிட இரண்டு மடங்காம்.

"எப்படிப்பா?"

"எங்க ஆளுங்க தரையையே அதுலதானேக்கா துடைச்சாங்க. நாங்க ஊத்துற ஊத்துக்கு இதுவும் பத்தாது, பாருங்க."

அதிகம் கெடுத்தவனுக்கு அதிகப் பங்கு. இதை யோசித்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ.

2 அக்டோபர்

டெண்டரில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுப்பிரமணியம் எழுதிக் கொடுத்த விலை அவ்வளவு குறைவு. ஓசி பேரம் பேசிவிட்டு, "மார்க்கெட் சரியில்லை" என்கிறார்.

இரண்டாவது லைன் இருக்குமா என்று தெரியாது. அதில் ஒன்பது பெண்கள். லீலா எட்டு வருடமாகத் தீவின் தெற்குக் கோடி புக்கிட் மேராவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். "அக்கா, மேல ஓட்டை விழுந்ததுக்கு என் வேலை ஏன் போகணும்?" என்று கேட்டாள். தண்ணீரில் கழுவிப் பார்க்கலாம், வா என்றேன்.

8 அக்டோபர், ஞாயிறு

ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து நேராக ஆலைக்கு. லீலா எனக்கு முன்பே வந்திருந்தாள். ஈயம் பிடிக்கப் பூசுகிற ஃப்ளக்ஸில் தண்ணீரில் கரையும் வகையைச் சாம்பிளாகக் கேட்டு வாங்கியிருந்தேன். அதைப் பூசி ஈயம் வைத்த போர்டுகளைச் சுத்திகரித்த சுடுதண்ணீரில் மூன்று முறை அலசி, அடுப்பில் உலர்த்தினோம். முதல் தடவை வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. சூட்டைக் கூட்டினோம். கடைசியில் நாற்பதில் முப்பத்தொன்பது டெஸ்டில் தேறின.

லீலா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நாற்பத்தாறு வயதில் நானும் குதித்தேன்.

11 அக்டோபர்

போர்டுகளைச் சுப்பிரமணியத்திடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா தண்ணி மெஷினுக்கு நாம காசு போடணும். அரை லைன் கோட்டா பேப்பரை வித்தா நமக்குக் காசு வரும். இன்னைக்கு விலை தெரியுமா?"

"அப்ப ரெண்டாவது லைன், சார்?"

"எதுக்கு?"

போர்டு கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பதில் லாபமாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மேனேஜர். கழுத்தில் டை வேறே.

20 அக்டோபர்

தீபாவளிக்கு ஒரு வாரம். ஒன்பது பேரையும் நிறுத்திவிட்டார்கள். பெயர்களை வாசிக்கச் சொன்னது என்னை. வாசித்தேன். சுப்பிரமணியத்தைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

6 நவம்பர்

எங்கள் கோட்டாவை வாங்கியது பக்கத்து ஆலைதானாம். "விலையைக் கேட்டு எங்க முதலாளி ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலை" என்றார் நூர்தீன்.

பையிலிருந்து, தண்ணீரில் கழுவிய இரண்டு போர்டுகளை எடுத்துக் கொடுத்தேன். "அவர்கிட்ட காட்டு."

இது துரோகமா? பதினேழு வருடம் வேலை பார்த்த இடம். யாருக்குத் துரோகம் — அந்த டைக்கா?

15 நவம்பர்

நூர்தீனின் முதலாளி கோ என்ற சீனக் கிழவர். போர்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நான் ஓசோன் என்று ஆரம்பித்ததும் கையமர்த்தினார். எவ்வளவு கோட்டா வாங்காமல் தப்பிக்கலாம் என்பது மட்டும்தான் கேள்வி. சொன்னேன். தண்ணீர் மெஷின் வாங்க அங்கேயே தலையாட்டி, அதை நடத்த என்னைக் கூப்பிட்டார். ஒன்பது பெண்களையும் எடுத்தால்தான் வருவேன் என்றேன். முனகினார், பிறகு அதற்கும் சரி.

நான்கு வருடம் நல்லதைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவன் காது கொடுக்கவில்லை. விலை ஏறியதும் ஒரே நாளில் கேட்கிறது. இந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் மனிதர்களைப் பற்றி என்னைவிட மட்டமாக நினைத்திருக்கிறார்கள். நினைத்தது சரியாகவும் போய்விட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

17 நவம்பர்

ராஜினாமா கொடுத்தேன். "உங்க இஷ்டம்" என்றார் சுப்பிரமணியம், தலை நிமிராமல்.

28 டிசம்பர்

கோவின் ஆலையில் மெஷின் பத்து நாளாக நிற்காமல் ஓடுகிறது. ஏழு பெண்கள் வந்துவிட்டார்கள். இருவருக்கு வேறிடத்தில் வேலை. தண்ணீர்ச் சூடு லீலாவின் பொறுப்பு. என்னையே அதட்டுகிறாள்.

மதியம் ஸ்டோரில் போன் அடித்தது. நூர்தீன் இல்லாததால் நான் எடுத்தேன். சுப்பிரமணியம். என் குரல் என்று தெரிந்ததும் "நீங்களா?" என்றார். பிறகு, கையில் இன்னும் கொஞ்சம் கோட்டா இருக்கிறது, விலையைக் குறைத்துக்கொள்ளலாம், முதலாளியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

"எங்களுக்கு வேண்டாம், சார்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், 'எங்களுக்கு' என்று சொல்லியிருக்கிறேன்.