பழுப்பு பாட்டில்

3 மார்ச் 1964, செவ்வாய்

நர்ஸ் பிம்லட் மறுபடியும் அந்தப் பழுப்பு பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். காலையில் முதல் மூத்திரத்தைக் கொட்டிவிட்டு, அதன்பின் ஒரு நாள் முழுக்க வருவதை இதில் பிடித்து வைக்க வேண்டும். அதிலுள்ள ஹார்மோனை அளந்தால், மார்பை எடுத்த பிறகும் எனக்குப் புற்றுநோய் திரும்புமா என்று தெரிந்துவிடுமாம். யாருக்கு? டாக்டருக்கு. அவர் என் புருஷன் வில்ஃபிடம் சொல்வார். புருஷன்மாரிடம்தான் சொல்வார்கள், நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

போன தடவை வில்ஃப் வெளியே வந்து, "ஒண்ணுமில்ல ஹில்டா, எல்லாம் நல்லா இருக்கு" என்றான். சாயங்காலம் கையில் வயலட் பூங்கொத்து. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பூ வாங்கித் தந்தவனில்லை. சாகப்போகிறவளுக்குத்தானே திடீரென்று பூ?

4 மார்ச்

தங்கை டோரீன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். பாட்டிலை அவளிடம் நீட்டினேன். "உனக்கென்ன கிறுக்கா?" என்று சிரித்தாள். "சரி, குடு. டீ குடிச்சே ரொப்பிடறேன்."

நோயே இல்லாதவளின் பாட்டில். இதற்கும் வில்ஃபின் முகம் மாறினால், சோதனையெல்லாம் கண்துடைப்பு. என் கதையை அவர்கள் முன்பே முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

6 மார்ச்

நர்ஸ் எடுத்துப் போனாள். மூடியை எதற்கு இரண்டு தரம் பார்த்தாள்?

17 மார்ச்

பூ இல்லை. வில்ஃப் டீயில் உப்பைப் போட்டுக் கலக்கினான். "ஒண்ணுமில்ல" என்றான்.

"பொய் சொல்லாத."

உடைந்துவிட்டான். "ஹார்மோன் ரொம்பக் குறைஞ்சிருக்காம். திரும்ப வரலாம்ங்கறாங்க. போன தடவ நெசமாவே நல்லா இருந்துச்சு ஹில்டா. அந்த சந்தோஷத்துலதான் பூ வாங்கினேன்."

மாட்டிக்கொண்டீர்களா எல்லோரும் என்று நான் சிரித்தேன். அது டோரீனுடையது என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அப்போ டோரீனுக்கு?"

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன் — இல்ல, நான் பண்ணலன்னா தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சு என்ன ஆகணும்?

19 மார்ச்

டாக்டரிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். திட்டினார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நோய் இல்லாதவங்ககிட்ட இது என்ன சொல்லுதுன்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியாதும்மா. இருந்தாலும் தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க."

20 மார்ச், வெள்ளி

டோரீன் வீட்டுக்குப் போனேன். சும்மா ஒரு தரம் டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம், வேறொன்றுமில்லை என்றேன்.

அவள் என் கையிலிருந்த வயலட் கொத்தையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லன்னா பூ எதுக்குக்கா?"