ஆம்பளைங்க நோய்

ஜூலை 8

மேம்பாலம் திறந்து, அடுத்த மாசமே முக்குல இருந்த பேக்கரி எரிஞ்சுதே, அந்த வருஷம் இது. இதே வருஷம்தான் பேத்தி உடற்பயிற்சியும் உடல்நலமும் படிக்கிற கல்லூரியில சேர்ந்தா. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா. வயசான ஒருத்தரை நாளும் கவனிக்கணும்னு அவளுக்குப் பாடம். கிடைச்ச கிழவன் நான்.

"அப்பா உடம்பைப் பார்த்திருந்தா இருந்திருப்பாரு" - இப்படிச் சொல்லித்தான் இந்தப் படிப்புல சேர்ந்தா. அவ அப்பா, என் மகன், பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். ஏறினான். சீட்டுல உட்காரலை. என் அண்ணன் கயிறு இழுக்கற போட்டியில கயித்தோடயே சாய்ஞ்சான். எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அப்படித்தான், நெஞ்சு பட்டுன்னு நின்னுடும். இவ பொண்ணாப் பொறந்தது நல்லதாப் போச்சு.

ஜூலை 21

முழங்கால் வலி. நடங்க தாத்தான்னா. நடந்தேன். வலியும் கூடவே நடந்துச்சு.

ஆகஸ்ட் 2

வகுப்புல ஒருத்தருக்கொருத்தர் நாடி பிடிச்சுப் பார்த்தாங்களாம். இவ நாடிதான் எல்லாரையும் விட நிதானமாம். நல்லாப் பயிற்சி எடுத்த இதயம் இப்படித்தான் இருக்கும்னு வாத்தியார் இவளை முன்னாடி நிறுத்திக் காட்டினாராம். பிள்ளைங்க 'ஆமை'ன்னு பேர் வெச்சுட்டாங்க.

"இதெல்லாம் ஒரு பெருமையாடி?" - இது அவ அம்மா, என் மருமக.

"ஆமைதாம்மா ரொம்ப நாள் இருக்கும்."

ஆகஸ்ட் 19

நீச்சல் பழகிட்டுப் படியேறினவளுக்குக் கண்ணு இருட்டிடுச்சாம். சாப்பிடாம வந்திருப்பான்னு தோழி ஜூஸ் வாங்கிக் குடுத்தாளாம். சிரிச்சுக்கிட்டே எழுதுறா. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னு தெரியலை.

செப்டம்பர் 4

காலையிலேர்ந்து செத்துப்போன என் தங்கச்சி ஞாபகம். ஏரியை இக்கரையும் அக்கரையுமா நீந்துவா. கடைசி நாள் அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில கிடந்தா. நீச்சல் தெரிஞ்சவ அதுல எப்படி முழுகுவா? கால் வழுக்கியிருக்கும்னாங்க. ஆம்பளைங்க கணக்குல அவளைச் சேர்க்கணும்னு யாருக்கும் தோணலை. எனக்கும்.

நாளைக்கு இவளுக்கு நீச்சல் தேர்வு. போகாதேன்னேன்.

"அது ஏரி தாத்தா. இங்க சுத்தி ஆளுங்க நிப்பாங்க."

டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போயேன்னேன்.

"தேர்வு முடியட்டும். சனிக்கிழமை உங்களையும் சேர்த்தே கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

இதையும் எழுதுன்னேன். எழுதிட்டா.

செப்டம்பர் 27

இன்னிக்கு எழுதுறது மருமக. பேனாவை அழுத்துறா, தாள் கிழியுது.

தேர்வுல நீந்திக்கிட்டிருந்தவ அசைவில்லாம முழுகினதும் வாத்தியார் உடனே குதிச்சுத் தூக்கியிருக்கார். தோழிங்க வகுப்புல படிச்ச மாதிரியே நெஞ்சை அமுக்கியிருக்காங்க, கை ஓயற வரைக்கும். யாரைக் குறை சொல்ல?

இது வழிவழியா வர்றது, ஆணு பொண்ணு பார்க்காதுன்னு டாக்டர் சொன்னாராம். அந்த ரத்தத்துல இன்னும் யார் இருந்தாலும் கூட்டிட்டு வாங்கன்னாராம்.

"யாரு மாமா இருக்கா?"

அண்ணனுக்குக் குழந்தை இல்லை. தங்கச்சிக்குக் கல்யாணமே ஆகலை. உன் வீட்டுக்காரன் எனக்கு ஒத்தைப் பிள்ளை. அவனுக்கும் ஒண்ணே ஒண்ணு.

நான் இருக்கேன்மா.