லோயிட்டின் கோட்

அன்பானவருக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து இதைச் சொல்ல வாய் வரவில்லை.

லோயிட் இறந்துவிட்டார். பிரசவ வலியோடு நான் போன டாக்சி இங்கே லசால் பகுதியில் பனிக்குள் புதைந்தபோது, தன் கோட்டால் என்னைப் போர்த்தி ஆஸ்பத்திரியில் சேர்த்த மோஹாக் பழங்குடி மனிதர். தாயில்லாத நான்கு பெண்களை வளர்த்துக்கொண்டே, தன் ஊரான கானவாகேயில் இருபது வருடம் சம்பளமில்லாமல் தீயணைத்தவர்.

பத்தாம் நாள் விருந்தில் இறந்தவரின் பொருட்களைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மூத்த மகள் ஷானன் அந்தக் கோட்டை என்னிடம் தந்தாள். "உன்ர மகளுக்கெண்டு அப்பா சொல்லி வச்சவர். பொக்கெட்டுக்குள்ள சிகரெட் கிடந்தா எனக்குத் தந்திடு."

செத்தவரின் உடுப்பைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் எடுக்கப் பயந்து பால்கனியில் தொங்கவிட்டேன். மூன்று நாளாகக் காற்றில் அதன் கை கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இன்று ஷானன் போனில் கேட்டாள்: "பிள்ளைக்குப் போர்த்தினியா?"

போர்த்தினேன் என்று பொய் சொன்னேன்.

"அப்ப அவர் நிம்மதியாப் போயிருப்பார்."

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கோட்டை உள்ளே எடுத்து மகளின் கால்களை மூடினேன். நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் அவள் மூச்சைப் பார்த்தபடி விழித்திருக்கிறேன்.

நான் செய்தது பிழையா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா