கரம் போட்டில் எட்டுக் கறுப்பு இலைகள்

11.11 செவ்வாய்
மழை விடவில்லை. பசை காயாது, பலகையும் ஈரத்தில் ஊதும். அறுகம்பே கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு வெள்ளிக்குள், விருந்தாளிகள் விளையாட ஒரு கரம் போட் வேண்டும். மஞ்சள் பலாச் சட்டம். மூலைக்கு இரண்டாக எட்டு இலை, கறுப்பு மரத்தில் பதிக்க.

கறுப்புக்கு எங்கே போவது என்று மூக்கால் அழுதேன். என் கணவர் பள்ளிவாசலுக்குப் பின்னால் கிடந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எடுக்கலாமா என்று கேட்டேன்.
"எறிஞ்சதுதானே புள்ள."

முதலில் இலையை வெட்டு. அதைச் சட்டத்தில் வைத்துச் சுற்றிக் கத்தியால் கீறு. பென்சில் கூடாது, கோடு தடிக்கும். குழி இலையின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவாக. போன தடவை ஆழமாகக் குடைந்து நான் பட்ட பாடு!

வயிற்றில் பிள்ளைக்கு எட்டாம் மாதம். குனிய ஏலாது. முன்னைய இரண்டும் ஐந்தைத் தாண்டவில்லை. பயம்தான்.

12.11 புதன்
எட்டும் பதித்தாயிற்று. சாண்ட் பேப்பர் போட்டால் கறுப்புத் தூள் பலாவுக்குள் இறங்கிவிடும். சீவியே மட்டப்படுத்தினேன். நல்ல அழகு.

பக்கத்து வீட்டு ராத்தா சீனி கேட்டு வந்தார். மிச்சத் துண்டைத் தூக்கிப் பார்த்தார்.
"இது ஜனாஸா தூக்கிற பழைய சந்தூக்குர கால் எலுவா? வகுத்துப் புள்ளயோட இத ஏன் கா தொட்ட?"

இறந்தவர்களை அடக்கத் தூக்கிப்போன மரம். நான் மடியில் வைத்து அறுத்தேன். மடியில்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளை அசைந்த மாதிரி இல்லை.

13.11 வியாழன்
அவரிடம் மரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.
"விசர்க் கதை கதைக்காத புள்ள."

இலைகளைக் கழற்றுகிறேன். ஈரத் துணி, மேலே சூடான அயன் பெட்டி. பசை இளகும், கத்தி நுனியால் கிளப்பலாம். பகல் ளுஹருக்குள் மூன்று. அஸருக்குள் ஐந்து. வாய் யாஸீன் ஓதியபடி. ஆறாவது உடைந்து உள்ளே நின்றது. உளியால் கொத்தினேன், சட்டமும் பிய்ந்தது. பிய்யட்டும்.

பிள்ளை ஒரு தரம் லேசாக. வாய்வோ தெரியாது. பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைப் மிஸ்ஸிக்கு போனில் கோல் எடுக்க நினைத்தேன். என்ன செய்தாய் என்று கேட்டால்? முதலில் எட்டும் வெளியே வரட்டும். யா அல்லாஹ், இதையாவது எனக்குத் தா.

14.11 வெள்ளி
எட்டும் வந்துவிட்டது. துணியில் சுற்றி, பள்ளிவாசல் மோதினாரிடம் கொடுக்கச் சொல்லி அவரை அனுப்பினேன்.

சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். "சந்தூக்குமில்ல, ஒண்டுமில்ல. பழைய அலுமாரிர காலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை அசையவில்லை என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. உடனே த்ரீவீல், ஆஸ்பத்திரி.

வார்டில் எழுதுகிறேன். வயிற்றைச் சுற்றி, பிள்ளையின் துடிப்புப் பார்க்கும் பெல்ட். துடிப்பு இருக்கிறது, பலம் குறைவாம். இன்றைக்கே ஒப்பரேஷன்.

நர்ஸ் கேட்டார். "எப்பயிலிருந்து அசைவு குறஞ்ச?"
புதன் என்றேன்.
"மறுகா ரெண்டு நாளும் என்ன புள்ள செஞ்ச?"
"வேல ஒண்டு முடிக்கக் கிடந்த."