மாவு தூவாத வாஃபிள்

என் அருமை மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அண்ணனும் அண்ணியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதை நான் லட்சியம் செய்வதுமில்லை. உன் சௌக்கியத்தையும் உன் வயிற்றின் சௌக்கியத்தையும் தனித்தனியாக எழுது, "இருக்கேம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற பழக்கத்தை விடு. இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். உன் அம்மா வாஃபிள் செய்துவிட்டாள். கோதுமையின் வாடைகூடப் படாத வாஃபிள், மேலே மொறுமொறுப்பு, உள்ளே பிய்த்தால் இழுத்துக்கொண்டே வருகிறது. இந்த வயதில் நான் சமையலறையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஆடினேன் என்று உன் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது பொய். அரைச் சுற்றுதான், அதற்குள் முழங்கால் ஞாபகம் வந்துவிட்டது.

எல்லாம் நீ போனில் சொன்ன பேச்சால் வந்தது. "எனக்குன்னு தனியா ஒரு டப்பாவத் தூக்கிட்டு வந்து, நீங்க சாப்பிடறத வேடிக்க பாக்கறதுக்கு நான் இங்கயே இருந்துடறேம்மா, இந்த லீவுக்கு வரல" என்றாயே, அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் கோதுமையை நிறுத்தச் சொன்னதற்குப் பிறகு நீ வந்த ஒரே தடவையில் நம் மேசையின் ஓரத்தில் டப்பாவின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் சாப்பிட்டாய். நான் பெற்ற பெண் என் மேசையில் விருந்தாளி மாதிரி உட்காருவதா? ஞாயிற்றுக்கிழமை வாஃபிளுக்காகக் குளிக்காமல் ஓடிவந்து என்னிடம் அடி வாங்கிய பெண் நீ. ஆகவே அதையேதான் செய்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் சாதாரண அரிசி மாவில் செய்தேன். அது வாஃபிள் இல்லை, கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ். உன் அண்ணன் ஒரு வாய் கடித்துவிட்டு "அம்மா, இதுல வீடு கட்டலாம்" என்றான். அவன் அரைமணி நேரம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம் உன் அண்ணிதான் எங்கேயோ படித்துவிட்டு, வெந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளுமே அந்தப் பசையரிசி, அதன் மாவை வாங்கி வந்தாள். பாக்கெட்டில் 'குளூட்டினஸ்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதே, அது ஒட்டுகிற குணத்துக்கு வைத்த பெயர், அதில் கோதுமை சம்பந்தம் எதுவும் கிடையாது, பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பக்கமும் நானே படித்தேன். பேக்கிங் பவுடர் டப்பாவையும் படித்தேன், சிலவற்றில் கோதுமை மாவைக் கலக்கிறார்கள். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, புதுத் துணி. மேசையைக் கொதிக்கிற நீரால் துடைத்தேன். உன் அண்ணன் கதவுக்கு வெளியே நின்று "ஆபரேஷன் எப்பம்மா ஆரம்பம்?" என்று கேட்டான்.

பசையரிசி மாவு அதன் குணத்தைக் காட்டிவிட்டது. வாஃபிள் மெஷினின் மூடியைத் திறந்தால் வாஃபிள் பாதி மேலே, பாதி கீழே, நடுவில் நூல் நூலாகத் தொங்கல். நான் விடுவேனா? கான்வென்ட்டில் எங்களுக்குச் சமையல் பாடம் எடுத்த சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மெஷினில் வெண்ணெய் தடவி, மேலே மாவு தூவி, தட்டி உதறிவிட்டு ஊற்றினேன். அடடா, என்ன அழகாகக் கழன்று வந்தது! பொன்னிறம், ஒரு கட்டம்கூட உடையவில்லை. மூன்று பேரும் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டோம். அன்றைக்கே உனக்குப் போன் செய்ய எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன், இன்னொரு முறை செய்து உறுதியாகட்டும் என்று. என் பெருமைக்குக் கடவுள் அந்த அளவுக்கு மட்டும் கடிவாளம் போட்டார்.

மறுநாள் உன் அண்ணிக்குக் கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிஸ்டர் மாதிரியே சத்தமாகச் சொல்கிறேன், வெண்ணெய் தடவு, மாவு தூவு, தட்டி உதறு என்று. கை தானாகவே அலமாரிக்குப் போகிறது. உன் அண்ணி மெதுவாக "அத்தை, அது எந்த டப்பா?" என்றாள். எந்த டப்பாவா? நான் ஐம்பது வருஷமாகக் கேக் அச்சுக்குத் தூவுகிற டப்பா. கோதுமை மாவு டப்பா! பாத்திரம் புதிது, கரண்டி புதிது, கடைசியில் என் சொந்தக் கையால் கோதுமையை எடுத்து மேலே தூவி, என் மகளுக்கு ஏற்ற வாஃபிள் என்று மார்தட்டியிருக்கிறேன். உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை, மூன்று பேரும் கண்ணில் நீர் வர வர சிரித்தோம். நீ சாப்பிட்டிருந்தால் என்று பிறகு தனியாக நினைத்ததும் எழுந்துபோய் அந்த டப்பாவை அலமாரியிலிருந்து இறக்கினேன்.

ஆனால் ஒன்று புரிந்தது. தூவியது மட்டுமில்லை, அந்த மெஷினே கோதுமையில் ஊறியது. அப்பா நம் வீட்டுக்கு முதன்முதலாக வாங்கிய மின்சாரச் சாமான் அது, அதன் கட்டங்களில் எத்தனை வருஷத்து மாவு காய்ந்திருக்கிறதோ. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன், தீரவில்லை. மெஷினைக் கொடுத்துவிடலாம் என்று நானாகச் சொல்லட்டும் என உன் அண்ணி காத்திருந்தாள், கெட்டிக்காரி. அப்பா இருந்திருந்தால் "பொண்ணா மெஷினா, இதுல யோசன வேறயா?" என்றிருப்பார். அதைக் கீழ்வீட்டுத் தையல்காரிக்குக் கொடுத்துவிட்டேன், வயரை முறுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. புது மெஷின் வாங்கக் கடைக்கு நானே போனேன். சீல் உடைக்காத பெட்டியைக் காட்டு என்றதற்குக் கடைக்காரன் "எல்லாம் ஒண்ணுதான் பாட்டி" என்றான். நான் உனக்குப் பாட்டி இல்லை, வாடிக்கையாளர் என்றேன். பெட்டி வந்துவிட்டது.

இப்போது ரகசியத்தைக் கேள். மாவே தூவ வேண்டாம். மெஷின் நன்றாகச் சூடாகட்டும், உருக்கிய வெண்ணெயைப் பிரஷால் தடவு. பசையரிசி மாவு, முட்டை, பால், சர்க்கரை எல்லாம் கலந்தால் கரண்டியிலிருந்து நாடாபோல் மடிந்து விழ வேண்டும். மாவு அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் கலக்கி ஊற்று. ஆவி நிற்கும்வரை மூடியைத் திறக்காதே, இதுதான் முக்கியம், நான் முன்பு கிழித்ததெல்லாம் திறந்து திறந்து பார்த்ததால்தான். ஆவி நின்றது, திறந்தேன், முழுசாக எழுந்து வந்தது! ஆறினால் விறைத்துவிடும், சுடச்சுடச் சாப்பிடு. உன் அண்ணன் முந்திக்கொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், முதல் கடியிலேயே என் மேல்வரிசைப் பல்செட் வாஃபிளோடு வெளியே வந்துவிட்டது. "அம்மா, உன் பல்லுக்கே பிடிச்சுப்போச்சு, விடமாட்டேங்குது" என்றான் படவா. இது உன்னோடு இருக்கட்டும்.

இனி இந்த மேசையில் தனிச் சாப்பாடு கிடையாது. நீ இருக்கிற நாளெல்லாம் வீட்டில் யாருக்கும் கோதுமை இல்லை, உன் அண்ணன் முகத்தைத் தூக்கினான், பிறகு வாஃபிளைப் பார்த்து இறக்கிவிட்டான். கோதுமை டப்பா மெஷினுக்குப் பின்னாலேயே கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. நான்கு தட்டு, நான்கிலும் ஒன்றே. ஆகவே லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. இரவில் பனி படாமல் காதை மூடிக்கொண்டு தூங்கு, கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடு, யார் கேட்டாலும் உனக்கு ஆகாததை ஆகாது என்று தலை நிமிர்ந்து சொல். ஆண்டவர் உன்னை என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மறந்துவிடாதே, அந்த டப்பாவைக் கொண்டு வராதே. கொண்டு வந்தால் வாசலிலேயே பிடுங்கி அதில் பொத்தான்கள் போட்டு வைப்பேன்.

ஆவி நிற்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்ட, ஆனால் உனக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாத,
உன் அம்மா