ஐந்து படிக் கொட்டகை

6-6-2603, ஞாயிறு
மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ஜப்பான்காரன் ஆண்டைத்தான் எழுத வேண்டுமாம், எழுதியாயிற்று.
இடுப்பெலும்பு முறிந்து பதினான்கு மாதம். காஜா பேராங் ஊரில் எனக்கு இந்தச் சன்னல் ஒன்றுதான். எதிர்வீட்டுக் கோழிகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை.
மாப்பிள்ளை சிவலிங்கம் சேதி கொண்டுவந்தார். சனிக்கிழமை படக்கொட்டகையில் இலவசப் படம். "மாமாவ அழைச்சிட்டுப் போறேன்."
மகள் செல்லம்மா: "அங்க அஞ்சு படி இருக்கே!"

8, செவ்வாய்
கொட்டகைக்கு வேண்டியவை:
பலகை 1, பக்கவாசல் படிமேல் சாய்க்க.
பிடித்துக்கொள்ளக் கயிறு.
ஓரத்து பெஞ்சு ஒன்றை எடுத்துவிட வேண்டும், நாற்காலி நிற்க. பக்கத்து ஊர் செமாபோக்கிலும் கால் முடியாதவர் இருவர் உண்டு.
ஒன்றுக்குப் போக வழி? (கேட்க வெட்கம். கேட்டே ஆக வேண்டும்.)
மாப்பிள்ளை போய்ப் பேசினார். கொட்டகைக் காவலர் சீனக் கிழவர். முதலில் சிரித்தாராம். பிறகு தன் வீங்கிய முழங்காலைக் காட்டி, பலகை தானே தருவதாகச் சொன்னாராம்.

10, வியாழன்
பிரம்பு நாற்காலிக்கு மா. சக்கரம் பூட்டுகிறார். மூன்றாம் நாளாக மரவள்ளிக் கஞ்சி.
செ.: "ஆம்பளைங்கள சயாமுக்குப் புடிச்சிட்டுப் போறாங்களாம். போவ வேணாம்பா."
"ஒனக்கென்ன, காலிருக்கு!" கத்திவிட்டேன். இந்த வயதில் அடம். எழுதவே கூசுகிறது. ஆனாலும் போக வேண்டும்.

12, சனி
நல்ல வெயில். சலவை வேட்டி. பகல் ஆட்டம். மா. சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறார்.

14, திங்கள்
நேற்று எழுத முடியவில்லை.
படம் பாதியில் நின்றது. முன்வாசலில் சிப்பாய்கள், லாரிகள். பக்கவாசலில் ஆளில்லை. இளவட்டங்கள் அவ்வழியே சுவரேறி ஓடினார்கள்.
"ஓடுங்க மாப்பிள்ளை!"
"ஒங்கள வுட்டுட்டா? எறக்கிட்டுப் போறேன், மாமா."
பலகையில் பாதி வழி. மா. கையை விட்டால் நான் உருண்டிருப்பேன். விடவில்லை. சிப்பாய்கள் சுற்றி வந்து அப்படியே பிடித்தார்கள். துப்பாக்கி முதுகில் இடித்தபோதும் என்னைத் தரையில் இறக்கிய பிறகுதான் கையை எடுத்தார்.
சயாம் ரயில் வேலைக்காம். கிழவர்கள் வீட்டுக்குப் போகலாமாம்.
கொட்டகைக் காவலர்தான் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

17, வியாழன்
தூறல். மா. பற்றித் தகவல் ஏதும் இல்லை. செ. சனியிலிருந்து என்னோடு பேச்சில்லை. திட்டினாலாவது தேவலை.
இன்று காலுக்கு எண்ணெய் தடவும்போது, முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:
"வேற எங்கயாச்சும் போவணுமாப்பா?"