ஆற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

ஹட்டன்
12.3.1973

அன்புத் தங்கை மருதாம்பாளுக்கு,

நீயும் அப்பாவும் கூடலூர் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. என் இந்திய பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. வந்ததும் கப்பல்தான்.

வரைபடத்தின் கீழ்ப்பாதி நனையாமல் இருக்கிறதா? சிறுவயதில் காலண்டர் தாளின் பின்னால் நாம் உண்டாக்கிய நாடு. ஊமைக்குன்றில் ஆறு பிறக்கிறது. மூன்று நிழல் ஊரைச் சுற்றி, உப்புக் கணவாயில் மேட்டில் ஏறுகிறது. அங்கே தாள் கிழிகிறது. மிச்ச ஆறு உன்னிடம்.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தோம். ஆற்றுக்கு மட்டும் இல்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் வைக்க வேண்டும் என்பது நம் சட்டம். மறந்துவிடாதே.

தங்கையா


கூடலூர்
2.8.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓயாத மழை. வரைபடத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு வேலாயி அக்கா பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, சிலோன்ல இப்படியொரு ஆறு ஓடுதா?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். "அப்ப இதுக்கும் பாஸ்போர்ட் கெடைக்கலையாக்கும்." சிரித்தோம்.

அப்பாவுக்கு இருமல். தபால்காரர் வருகிற நேரம் மட்டும் அடக்கிக்கொள்கிறார்.

உங்கள் தங்கை
மருதாம்பாள்


ஹட்டன்
19.1.1974

மருதாம்பாள்,

பாஸ்போர்ட் வராது. ஏதாவது ஒன்று கிடைக்கட்டும் என்று அப்பா என் பெயரில் இலங்கைக் குடியுரிமைக்கும் மனுப் போட்டாரே, அது கிடைத்துவிட்டது. நான் இந்த நாட்டுக்காரன். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் கை கொடுத்தார்கள்.

அப்பாவிடம் சொல்லாதே.

தங்கையா


கூடலூர்
6.3.1974

அண்ணனுக்கு,

அப்பா திங்கட்கிழமை போய்விட்டார். நான் சொல்லவில்லை. ஆனால் சில நாட்களாக அவர் தபால்காரரைக் கேட்கவே இல்லை.

கடைசியில், "உங்க ஆத்துக்குப் பேரு வச்சாச்சா?" என்றார். வச்சாச்சு என்றேன். "என்னா பேரு?" வாயில் அம்மா பெயர்தான் வந்தது. கருப்பம்மா.

"அவ அந்த மலையிலேயே கெடக்கிறாளே."

"இல்லப்பா. ஓடி இங்க வந்துட்டா."

அதன் பிறகு பேசவில்லை.

சட்டத்தை மீறிவிட்டேன். கீழ்ப்பாதியில் எழுதியும்விட்டேன். பென்சிலால்தான். உங்கள் பாதியில் நீங்களும் எழுதுங்கள்.

மருதாம்பாள்


ஹட்டன்
30.3.1974

மருதாம்பாள்,

அப்பாவுக்காக, அம்மாவைப் புதைத்த மலையில் விளக்கு வைத்தேன். அங்கேயும் தேயிலை நட்டுவிட்டார்கள். குத்துமதிப்பாக ஓர் இடத்தில் வைத்தேன்.

நல்ல பெயர். நான் எழுதவில்லை. எழுதிவிட்டால் நாம் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை முடிந்துவிடும். நான் அங்கே வருவதற்கு இனி வேறு வேலை எதுவும் இல்லை.

பென்சிலால்தானே எழுதினாய். அழித்துவிடு.

தங்கையா